கொல்லைக் கதிருக்கு வந்த சில்லைகள்

என் கணவர் குருவித் தீனி விற்று இரண்டு வீடு கட்டினார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கட்டியது கட்டியதுதான். ஆனால் ஆரம்பத்தில் எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. கல்யாண வீடுகளில் யாராவது, உன் மாப்பிள்ளைக்குச் சபரில் என்ன வேலை என்று கேட்டால், கடையில் மேனேஜர் என்று சொல்லிவைப்பேன். எங்கள் கடலோர ஊர்களில் வெளிநாட்டுப் பிழைப்புக்குச் சபர் என்று பெயர், போனவர் சபுராளி. நகைக்கடைச் சபுராளி உண்டு, ஓட்டல் சபுராளி உண்டு, டிரைவர்கள் தெருவுக்கு நாலு பேர். கூண்டுக் குருவியும் அதற்குத் தீனியும் விற்கும் கடையில் நின்றவர், எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

கடை ஷார்ஜாவில். தினை, சாமை, சூரியகாந்தி விதை என்று சாக்குச் சாக்காகத் தீனி. சுவர் முழுக்கக் கூண்டுகள். கிளி, புறா, கூடவே கட்டைவிரல் அளவுக்குக் குட்டிக் குருவிகள். அந்தக் குட்டிகளை எல்லாம் மொத்தமாகப் பிஞ்ச் என்பார்கள். எந்தப் பிஞ்ச் எந்த நாட்டது, எது ஆண், எது பெண், எது இந்த வருஷத்துக் குஞ்சு என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்தால் உப்பு டப்பா எது, சீனி டப்பா எது என்று தெரியாத மனிதர்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. அதையும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அடைக்கும் மே மாதத்தில்தான் எடுப்பார். குளிர்காலத்தில் லீவு கேட்கவே முடியாது. வெயில் காலத்தில் பெட்டியில் வரும் குருவி செத்துப்போகும் என்பதால் சரக்கெல்லாம் குளிர் விழுந்த பிறகுதான் இறங்குமாம். அந்த நேரத்தில் முதலாளியிடம் போய் ஊருக்குப் போகிறேன் என்று நின்றால் வேலையே போய்விடும். ஆக, கல்யாணத்துக்குப் பிறகு மார்கழி தை என்ற மாதங்களை அவர் ஊரில் பார்த்ததில்லை. வெயிலில் வெந்து கிடக்கும் ஊருக்கு வருவார், மாம்பழம் சாப்பிடுவார், போய்விடுவார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்களில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் பெண்ணைப் பெற்றவர் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீடு கொடுத்தாக வேண்டும். பெண் பிறந்த வாரமே காலி மனை விசாரிக்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. நான் இருக்கும் வீடு என் வாப்பா எனக்குக் கட்டிக் கொடுத்தது. எங்களுக்கோ இரண்டும் பெண்கள். இரண்டாவது பிறந்த சேதியைப் போனில் சொன்னபோது அல்ஹம்துலில்லாஹ் என்றார். சொன்ன கையோடு மனசுக்குள் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்திருப்பார்.

கதிர் கட்டியது தற்செயலாகத்தான். எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் வயல். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை இது. வராமலே ஏமாற்றிய வருஷங்களும் உண்டு. வந்துவிட்டால் சம்பா நன்றாகத்தான் விளையும். அப்படி விளைந்த ஒரு தை மாதத்தில், அந்த வயலைச் சாகுபடி செய்கிறவர், அறுப்பு மிஷின் இறங்குவதற்கு முன்னால் வரப்போரமாகக் கையால் ஒரு பிடி கதிர் அரிந்து சுவருக்கு மேலாக நீட்டினார். புதுக்கதிர், வாசலில் தொங்கவிட்டால் குருவி வந்து தின்னும், வீட்டுக்கு நல்லது என்றார். வாசலில் கட்டினால் தெருவில் போகிற ஆடு விடாது. கொல்லையில் துவைகல்லுக்கு மேலே ஒரு ஷீட்டுக் கூரை உண்டு. அதன் கம்பியில், பக்கத்து வீட்டுப் பூனைக்கு எட்டாத உயரத்தில், கயிறு போட்டு மாட்டினேன். மாட்டிவிட்டு மறந்தும் போனேன்.

ஒரு காலையில் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தபோது ஒன்று வந்து கம்பியில் உட்கார்ந்தது. அந்தப் பக்கம் பார்த்தது, இந்தப் பக்கம் பார்த்தது, என்னையும் ஒரு பார்வை பார்த்தது. பிறகு கதிரில் தொற்றித் தலைகீழாகத் தொங்கி, ஒரு நெல்லை உருவி, அலகுக்குள்ளேயே உருட்டி உமியைத் துப்பியது. அவ்வளவுதான். எங்கே ஒளிந்திருந்ததோ, ஒரு பட்டாளமே வந்து இறங்கியது. ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்து, தள்ளிவிட்டு, கீச்சுக் கீச்சென்று ஒரே ரகளை. துவைத்துப் பிழிந்து வைத்த சட்டையெல்லாம் உமி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு ஏனோ வரவில்லை. துணியை அப்படியே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன் செய்தபோது பேச ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் பல வருஷமாகவே ஒன்றும் இல்லை. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா, மேஸ்திரி வந்தாரா, கம்பி இறங்கிச்சா. புருஷன் பெண்டாட்டி பேசுகிற பேச்சா அது? பெரியவளுக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்த சமயம், எங்கள் பேச்சு முழுக்கச் சிமெண்ட். போனை வைக்கப்போகும்போது சும்மா ஒரு வார்த்தைக்கு, கொல்லையில் சிட்டுக்குருவி கூட்டமாக வந்திருக்கிறது என்றேன்.

"அலகு எப்படி இருக்கு?" என்றார்.

என்ன இது, அலகு அலகு மாதிரித்தான் இருக்கிறது என்றேன். விடவில்லை. கட்டையா, ஒல்லியா, என்ன நிறம், நெஞ்சில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனார். நான் போனைக் கையில் பிடித்தபடி கொல்லைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, முதுகு காப்பிக்கொட்டை நிறம், நெஞ்சில் மீன் செதில் செதிலாக வரி, அலகு கறுப்பு, கட்டை என்றேன். அந்தப் பக்கம் அவர் சிரித்தார். அது சிட்டுக்குருவியே இல்லை, அவர் கடையில் மூன்றாவது வரிசைக் கூண்டில் இருக்கும் ஸ்பைஸ் பிஞ்ச்தான் அது என்றார். நீ காசில்லாமல் பார்க்கிறாய், இங்கே அரபிப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிப்போகிறார்கள் என்றார். கல்யாணமான புதிதில் கேட்ட குரல் அது. அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் அதை மறுபடி கேட்டேன். இளையவள் நெட்டில் தேடி, தமிழில் இதற்குப் புள்ளிச் சில்லை என்று பெயர் என்றாள். அடுத்த வயல்காரர் நெல்லுக்குருவி என்பார், எது வந்தாலும் அவருக்கு நெல்லுக்குருவிதான். நான் சில்லை என்றே பிடித்துக்கொண்டேன். வாய்க்குச் சுகமாக இருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு குளிர்காலமும் எங்களுக்குப் பேசுவதற்கு விஷயம் இருந்தது. நிறத்தைப் பார்த்து ஏமாறாதே, முதலில் அலகு, அடுத்து வால், பிறகு வாலுக்கு மேலே முதுகு முடிகிற இடம், நிறம் கடைசி என்பார். வெளிறிப்போன உடம்பும் கூரான கறுப்பு வாலும் உள்ளது வெண்தொண்டைச் சில்லை. தலை மட்டும் மைக்கூட்டில் முக்கியெடுத்தது போலிருப்பது கருந்தலைச் சில்லை. செதில் இல்லாமல் மொழுக்கென்று பழுப்பாக வந்ததை நான் புது ஜாதி என்று நினைத்துக் குதித்தபோது, அது புள்ளிச் சில்லையின் குஞ்சு, பெரிதானால் செதில் வரும் என்று என் குதிப்பை அடக்கினார். ஒருமுறை சிட்டுக்குருவியேதான் வந்திருக்கிறது என்று நான் சத்தியம் செய்ய, கண்ணுக்கு மேலே புருவம் மாதிரி கோடு இருக்கிறதா பார் என்றார். குருவிக்குப் புருவமா, உங்களுக்கு அங்கே வெயில் தலைக்கேறிவிட்டதா என்று நான் கத்தினேன். போய்ப் பார்த்தால் புருவம் இருந்தது. அது தூக்கணாங்குருவிப் பெட்டையாம், மழைக்காலம் முடிந்தால் ஆணும் அப்படித்தான் இருக்குமாம். அந்தப் புருவத்தைச் சொல்லிச் சொல்லி அந்த வருஷம் முழுக்க என்னைக் கிண்டல் செய்தார்.

ஆனால் அவர் உண்மையில் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றைத்தான். லால் வந்ததா?

லால் என்பது கூண்டு வியாபாரத்தில் வழங்கும் பெயர். தமிழில் சிவப்புச் சில்லை. ஆண் குருவி உடம்பெல்லாம் சிவப்பு, அதன்மேல் வெள்ளைப் பொட்டுகள். அவர் கையில் எத்தனையோ லால் ஏறி இறங்கியிருக்கும். ஆனாலும் அதன் அசல் சிவப்பை நான் பார்த்ததில்லை என்பார். கூண்டுக்கு வந்த பிறகு முதல் தடவை இறகு உதிர்த்து முளைக்கும்போதே சிவப்பு மங்கிவிடுமாம். அடுத்த தடவை இன்னும் மங்கும், அப்புறம் சில குருவிகள் கருத்தே போய்விடுமாம். என்ன தீனி கொடுத்தும் அந்த நிறத்தைத் திருப்பிக் கொண்டுவர முடிவதில்லை, வாங்குகிறவர்கள் வந்து சண்டை போடுகிறார்கள் என்று வருத்தப்பட்டுக்கொள்வார்.

"வெளியில திரியிற லாலை ஒரு தடவை பாக்கணும் புள்ள. அதோட சிவப்பு எப்படித்தான் இருக்குன்னு பாக்கணும்."

வாய்விட்டு எனக்கு ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டு நான் கேட்டதே இல்லை. சாப்பாட்டில் உப்பு வேண்டும் என்றுகூடக் கேட்கமாட்டார். இதைத்தான் கேட்டார்.

எங்கள் கதிருக்கு லால் வராமல் இல்லை. பழுப்பு உடம்பும் சிவந்த அலகும் இறக்கையில் சின்ன வெள்ளைப் பொட்டுகளுமாகச் சில வந்தன. அவை பெண்ணாக இருக்கும், இல்லை, சிவப்பைக் கழற்றிப் போட்ட ஆணாக இருக்கும் என்றார். மழைக்காலத்தில் போட்ட சிவப்பை ஆண்கள் அறுவடை சமயத்தில் கழற்றத் தொடங்கிவிடும், ஒன்றிரண்டு தை வரைக்கும் வைத்திருக்கும், பொறுமையாகப் பார் என்றார். நானும் பார்த்தேன். என் துவைகல் குருவிகளுக்குச் சொந்தமானது, நான் துணியை முன்பக்கக் குழாயடிக்கு மாற்றிக்கொண்டேன். சிவப்பு மட்டும் வரவில்லை.

ஒரு தைக்காவது நீங்கள் இங்கே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் சொன்னேன். இன்ஷா அல்லாஹ், பெரியவள் வீடு முடியட்டும் என்றார். முடிந்தது, நிக்காஹ்வும் ஆனது. மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை, அவள் அவனோடு போய்விட்டாள். வீட்டைப் பூட்டி என்னிடம் சாவி கொடுத்தாள். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். இளையவள் வாயைத் திறந்து சொன்னாள், வாப்பா எனக்கு வீடு வேண்டாம், நானும் இங்கே இருக்கப்போவதில்லை, நீங்கள் வந்துவிடுங்கள் என்று. அவர் கேட்கவில்லை. ஒரு பெண்ணுக்குக் கொடுத்து ஒரு பெண்ணுக்குக் கொடுக்காமல் போனால் ஊர் என்ன சொல்லும் என்றார். ஊர் என்ன சொல்லும்! ஊர் பாட்டுக்கு ஊர் சொல்லிவிட்டுப் போய்விடும். நான் இதைச் சொன்னேன், சத்தம் போட்டும் சொன்னேன். தலை நிமிர்ந்து பெண் கொடுக்க வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்துக்கு முன்னால் என் சத்தம் எடுபடவில்லை. இளையவளுக்கும் அஸ்திவாரம் விழுந்தது.

கண் விஷயம் அந்தச் சமயத்தில்தான் தொடங்கியது. கண்ணுக்கு முன்னால் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். சுகர் அவருக்கு வெகுகாலமாக உண்டு. மாத்திரை போடுவார், மறப்பார். கொஞ்ச நாளில் எல்லாம் பனி மூட்டமாகத் தெரிகிறது என்றார். கண்புரையாக இருக்கும் என்று அவரோடு அறையில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நானும் அதையேதான் சொன்னேன். புரை என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் பயம் கிடையாது. போனார், எடுத்தார், மறுநாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார் என்று வீட்டுக்கு வீடு ஆள் உண்டு. அங்கே வைத்தியம் பார்த்தால் கட்டுப்படியாகாது, சின்னவள் வீட்டுக்குக் காங்கிரீட் போட்டுவிட்டு வருகிறேன், தஞ்சாவூரில் புரை எடுத்துக்கொண்டு, ஒரேயடியாகக் கதிர் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறேன் என்றார். காங்கிரீட் முடிந்ததும் பூச்சு என்றார். பூச்சு முடிந்ததும் டைல்ஸ் என்றார்.

அப்போதெல்லாம் நான் குருவிகளை வீடியோ காலில் காட்டுவேன். படம் ஆடுகிறது, புள்ளி புள்ளியாக இருக்கிறது, வேண்டாம், நீ வாயால் சொல்லு, அதுதான் நன்றாக இருக்கிறது என்பார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சொல்கிற அழகுக்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, வளைத்து வளைத்து வர்ணித்தேன். எந்தக் குருவி எதைத் தள்ளியது, எது உமியை என் தலையில் துப்பியது என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன், அங்கேயே இருக்கிற மாதிரி இருக்கிறது என்பார்.

இளையவளின் நிக்காஹ் மே மாதத்தில் நடந்தது. வந்து நடத்திவைத்துவிட்டு, கணக்கு வழக்கை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வருகிறேன் என்று திரும்பிப் போனார். கல்யாணக் கூட்டத்தில் அவர் யாரோடும் முகம் பார்த்துப் பேசவில்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது பிரியாணிச் சட்டி எத்தனை என்பதுதான் எனக்குக் கவலை. புது மாப்பிள்ளை சில மாதத்தில் இளையவளைக் கத்தாருக்குக் கூட்டிப் போய்விட்டான். இரண்டாவது சாவியும் என் முந்தானைக்கு வந்தது.

கார்த்திகை மாதம் அவர் வந்தார். திருச்சி ஏர்போர்ட்டில் கம்பித் தடுப்பை ஒட்டி நின்றேன். தள்ளுவண்டியோடு, முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்தபடி மெல்ல வந்தார். என்னை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைத் தாண்டிப் போனார். என்னங்க என்று கூப்பிட்டேன். சத்தம் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். கூட்டத்தில் தெரியவில்லை என்றார். சரிதான், அங்கே நின்ற பெண்களில் பாதிப் பேர் என்னை மாதிரியே கறுப்பு புர்கா, யாருக்குத்தான் அடையாளம் தெரியும் என்று நானே அவருக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரமே தஞ்சாவூரில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். உள்ளே கூப்பிட்டு வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மறுபடி பார்த்தார்கள். டாக்டர் சின்னப் பெண், என் பெரியவள் வயசுதான் இருக்கும். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் தன்மையாகத்தான் பேசினாள். புரை கொஞ்சம் இருக்கிறது, ஆனால் பார்வை போனது அதனால் இல்லை என்றாள். சுகரால் கண்ணுக்குள்ளே, பின்பக்கத் திரையில் ரத்தம் கசிந்து கசிந்து, அது கெட்டுப்போய்விட்டது. லேசர் வைக்கலாம், ஊசி போடலாம். அதெல்லாம் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா நிறைய காப்பாத்தியிருக்கலாம்மா. போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது."

இரண்டு வருஷம் முன்னால் என்பது காங்கிரீட். எனக்கு மனசில் வந்தது அதுதான். வெளியே வந்து அவரிடம் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஊருக்குத் திரும்பும் வழியில் ஒரத்தநாடு தாண்டி வரும்போது ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே பச்சை. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, கதிர் வந்துவிட்டதா என்று கேட்டார். இப்போதுதான் பால் பிடிக்கிறது என்றேன்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பிள்ளைகள் மேல் கோபப்பட முடியுமா? சேதி கேட்டு இருவரும் போனில் அழுதார்கள், எங்களோடு வந்து இருங்கள் என்று கெஞ்சினார்கள். வாரத்துக்கு ஒருமுறை அந்த இரண்டு வீட்டையும் நான்தான் போய்த் திறக்கிறேன். ஜன்னலைத் திறந்து காற்று விட்டு, குழாயைத் திறந்து துருத் தண்ணீரை ஓடவிட்டு, கூட்டிப் பெருக்கிவிட்டு வருகிறேன். இளையவள் வீட்டு வாசலில் காகிதப்பூக் கொடி மாடி வரைக்கும் ஏறிவிட்டது. அதற்குள் புள்ளிச் சில்லை கூடு கட்டியிருக்கிறது. அந்த வீட்டில் குடியிருப்பது இப்போதைக்கு அவைதான். அங்கே துடைப்பத்தோடு நின்றுகொண்டு ஒருநாள் வாய்விட்டே சொன்னேன்: பெண்ணுக்கு ஒரு வீடு கட்டினீங்க, வீட்டுக்கு ஒரு கண்ணைக் கொடுத்தீங்க. கேட்க அங்கே யாரும் இல்லை. அவர் முன்னால் இதை நான் சொன்னதில்லை.

லேசர் வைத்தார்கள். வெளிச்சம் தெரியும், ஆள் நடந்தால் நிழல் போலத் தெரியும், முகம் தெரியாது என்ற அளவில் பார்வை நின்றது. சுவரைத் தடவிப் பழகினார். தொழுகைக்கு ஒளு செய்யப் போகும்போது நான் கூடப் போனால் பிடிக்காது. தை பிறந்தது. மிஷின் வருவதற்கு முன்னால் அடுத்த வயல்காரர் இந்தத் தடவை இரண்டு பிடி அரிந்து கொடுத்தார், கேட்காமலே. இரண்டையும் கம்பியில் கட்டினேன். அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சமையலறைக் கதவுப் பக்கம் போட்டேன்.

குருவிகள் வந்தன. நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். செதில்காரர்கள் வந்தாச்சு, கூடவே குஞ்சுகள், ஒரு கருந்தலை, அது யாரையும் அண்டவிடமாட்டேன் என்கிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அலகைச் சொல்லு, வாலைச் சொல்லு என்று கேட்டார். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு எப்படிச் சொன்னேனோ, அதே மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் இன்னும் ஷார்ஜாவிலேயே இருப்பது போல இருந்தது. ஏன் நிறுத்திவிட்டாய் என்றார். உமி கண்ணில் விழுந்துவிட்டது என்றேன்.

அப்படியே நாட்கள் போயின. கதிரில் நெல் குறைந்துகொண்டே வந்தது. பழுப்பு லால்கள் சில வந்தன. அவற்றில் ஒன்று இன்னும் சிவப்பைக் கழற்றாமல் இருக்கக்கூடாதா என்று நான் கேட்காத துஆ இல்லை. வந்தால் மட்டும் என்ன ஆகப்போகிறது என்று புத்தி சொன்னது. அது தெரிந்தும் கேட்டேன்.

வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, வெயில் ஷீட்டுக்குக் கீழே நுழைந்திருந்த நேரம். முதலில் சுவர் மேல் உட்கார்ந்தது. அங்கிருந்து தாவி வலதுபக்கக் கதிரில், செதில்காரர்களுக்கு நடுவில் தொற்றிக்கொண்டது. நான் படத்தில் பார்த்திருக்கிறேன். படம் ஒன்றுமே இல்லை. பழுத்த மிளகாயை வெயிலில் பிடித்தால் உள்ளே ஒரு வெளிச்சம் தெரியுமே, அந்தச் சிவப்பு. அதன் மேல் உப்பைத் தூவினாற்போல வெள்ளைப் பொட்டுகள்.

"என்னங்க, லால். சிவப்பு லால்."

எழுந்துகொள்ளப் போனார். தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். எங்கே என்றார். வலது பக்கக் கதிரில் என்றேன். அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியது. எங்கே வெளிச்சம் அதிகமோ அங்கே திரும்புவது இப்போது அவர் பழக்கம். அங்கே இல்லை என்று அவருடைய தாடையைப் பிடித்துக் கதிர்ப் பக்கமாகத் திருப்பினேன். நான் கை நீட்டியது லாலுக்குப் பிடிக்கவில்லை போல. மற்றவை அசையவில்லை. அது மட்டும் சத்தமில்லாமல் கதிரை விட்டு எழும்பி, சுவரைத் தாண்டி வயலுக்குள் போய்விட்டது.

அவர் கதிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைச் சுருக்கி, கழுத்தை முன்னால் நீட்டி, கடையில் கூண்டுக்கு முன்னால் நின்று எப்படிப் பார்த்திருப்பாரோ அப்படிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தெரியுது புள்ள," என்றார். "மாஷா அல்லாஹ். என்ன சிவப்பு."

கதிரில் பழுப்புக் குருவிகள் நெல் உருவிக்கொண்டிருந்தன. நான் அவர் தாடையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஆமாங்க," என்றேன். "நல்ல சிவப்பு."